அடைக்கலப் பூனைகள்

ஒருவர் தம் உடைமையைப் பிறரிடம் ஒப்புவித்துச் செல்லுதல் பழமையான வழக்கம். பொன்னை ஒப்புவிப்பர்; பத்திரத்தை ஒப்புவிப்பர்; வீட்டுச் சாவியை ஒப்புவிப்பர். இவை வைத்தவிடத்தில் வைத்தபடியே கிடக்கும். பசியா, பிணியுறா, வைத்தவர் எங்கே என வாயிலை நோக்கிக் காத்திரா. உயிருள்ள ஒன்றை ஒப்புவிக்கும்போதோ நிலைமை வேறாகின்றது. நாம் வாழும் உப்பளத்தில் அண்டை வீட்டார் நம்மிடம் விட்டுச் செல்லும் உயிர்களுள் முதலிடம் பெறுவது பூனை. அதனைப் பேணுவதில் உள்ள இன்பமும் துன்பமும் யாவை, விடுப்பவர்க்கும் ஏற்பவர்க்கும் அதனால் உண்டாகும் கடமைகள் யாவை என்பன பற்றி இம்மலரில் சில கூற விரும்புகின்றோம்.

உப்பளம் புதுவை நகரின் தென்பகுதியில் உள்ளது. உப்பு விளைந்த நிலம் என்பதை அதன் பெயரே அறிவிக்கும். இந்நாளில் அங்கே தெருக்களும் குடியிருப்புகளும் விளையாட்டரங்கமும் அமைந்துள்ளன. அருகே வம்பாகீரப்பாளையத்து மீனவர் குடியிருப்பு. சற்றுத் தொலைவில் இரயில் நிலையம். ஒருபால் மீன் வந்து இறங்குகின்றது. மற்றொருபால் மக்கள் பயணம் புறப்படுகின்றனர். பூனை சேர்வதற்கும் பூனையைப் பிரிவதற்கும் வேண்டிய இரண்டும் இவ்வாறு ஓரிடத்தில் அமைந்துவிட்டன.

புதுவையார் நெடும்பயணம் போவதற்குத் தனியொரு காரணமும் உண்டு. 1954ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் இவ்வூரின் ஆட்சி இந்திய அரசின் கைக்கு வந்தது. 1956இல் கையொப்பமான ஒப்பந்தம் 1962ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி இவ்வூரில் பிறந்தோர் விரும்பினால் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிந்துகொள்ள ஆறு திங்கள் தவணை அளிக்கப்பட்டது. அவ்வாறு தெரிந்துகொண்ட குடும்பங்களின் வழியினர் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். பிரெஞ்சுப் படையில் ஊழியம் புரிந்து ஓய்வூதியம் பெறுவோரை நம்மூரார் ‘சொல்தா’ என்றே வழங்குவர். இவர்களுக்கு வீடு இங்கே. மக்களும் பேரப்பிள்ளைகளும் பாரிசு நகரத்திலோ பிறவிடத்திலோ. ஆகவே ஆண்டில் சில திங்கள் அங்கே, எஞ்சியவை இங்கே என்பது பலர்க்கு வாழ்க்கை முறையாகிவிட்டது. புறப்படும் நாள் வந்ததும் சாவி ஓர் உறவினர் வீட்டிற்கும், பூந்தொட்டிகள் ஒரு சினேகிதர் வீட்டிற்கும், பூனை நம்மைப்போன்றார் வீட்டிற்கும் வந்து சேருகின்றன.

பூனையையும் உடன்கொண்டு போகலாகாதோ என்று வாசிப்போர் வினவலாம். பண்டைக் காலத்தில் அவ்வாறே செய்தனர். சைப்பிரசுத் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகட்கு முற்பட்ட மனிதப் புதைகுழி ஒன்றின் அருகே பூனையின் எலும்புக்கூடு அடக்கம் செய்யப்பட்டிருந்ததை 2004இல் அறிஞர்கள் வெளியிட்டனர். அத்தீவில் பூனை இயற்கையாக இருந்ததில்லை. மனிதரே மரக்கலத்தில் ஏற்றிச் சென்றிருத்தல் வேண்டும். இக்காலத்து மரக்கலம் விரைவுடையது, விதிகளோ மிகுதி. இந்தியாவினின்று பிரான்சுக்கு முதன்முறை போகும் பூனையின் தோலின்கீழ் அடையாளச் சில்லு பொருத்தல் வேண்டும். பின்னர் வெறிநோய்த் தடுப்பூசி இடல் வேண்டும். ஊசியிட்டுக் குறைந்தது 30 நாள் கழிந்தபின் குருதி எடுத்து, ஒப்புதல் பெற்ற ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பல் வேண்டும். நோய்த்தடுப்பு ஆற்றல் போதுமென்று தெரிந்தபோதிலும், குருதி எடுத்த நாள் முதல் மூன்று திங்கள் காத்திருத்தல் வேண்டும். இரண்டு திங்கள் பேரனைக் காணப் போகும் முதியவர்க்கு இஃது எங்ஙனம் இயலும்? ஆகவே பூனை இங்கேயே தங்குகின்றது.

நிற்க. நம் நாட்டில் பூனைக்கு நற்பெயர் வாய்த்ததில்லை. மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் பூனையொன்று முன்கால்களை உயரத் தூக்கித் தவம் செய்ய, எலிகள் சூழ்ந்திருத்தலைக் காண்கின்றோம். அது பொய்த்தவம் என்பதில் சிற்பியார்க்கு ஐயமில்லை. தொல்காப்பியர் ஒருவரே சற்று நடுநிலை காட்டினார். மரபியலில் மூங்கா, வெருகு, எலி, அணில் ஆகிய நான்கன் இளமைக்கும் ‘குட்டி’ என்னும் ஒரு பெயரையே உரிமையாக்கினார். பூனையினத்தையும் எலியையும் சண்டையின்றி ஒரே நூற்பாவில் குடியிருத்துதல் இலக்கணத்தார்க்கே கைவந்த செயலாகும்.

நாய் மனிதரைச் சேரும், பூனை வீட்டைச் சேரும் என்பது உலகோர் கூற்று. இதில் பாதியே உண்மை. பழைய வீட்டை நாடி ஓடும் பூனைகள் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆயினும் அமெரிக்காவில் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2019இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று நோக்கத்தக்கது. பேணுவோரைச் சிறிதுநேரம் பிரித்து, மீண்டும் சேர்த்துப் பார்த்தபோது, பூனைக்குட்டிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, அவர் வந்த அளவிலே கலக்கம் நீங்கித் தெளிவுற்றனவாம். அதே ஆண்டில் ஜப்பானிய ஆராய்ச்சியாளர், வீட்டுப் பூனைகள் தம் பெயரைப் பிற சொற்களினின்று பிரித்தறியும் என்று காட்டினர். பூனைக்குப் பற்று உண்டு. அதனைப் பலரறியக் காட்டுதலே அதற்கு வழக்கமன்று.

பல ஆண்டுகளாக அயலார் பூனைகளை ஏற்றுப் பேணிவரும் நமக்கு இவ்வாராய்ச்சிகள் புதுமையாகத் தோன்றவில்லை. ‘மினூ’ என்னும் பெயருடைய பூனை ஒன்று நம்மிடம் தங்கியிருந்தது. அதன் வீட்டார் அதனைப் பிரெஞ்சு மொழியில் அழைத்துப் பழக்கியிருந்தனர். நாம் செந்தமிழில் “வா” என்றால் சுவரைப் பார்க்கும்; நம் வீட்டு ஆயா தமக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சுச் சொல்லைக்கொண்டு “வியேன், மினூ” என்று நீட்டி அழைத்தாலோ, வாலை உயர்த்தி வரும். ஒரு திங்கள் கழிந்தபின் இரண்டு மொழிக்கும் வரலாயிற்று. பிறகு ஒரு மொழிக்கும் வாராது, மீன் சட்டியின் ஓசைக்கே வந்தது.

இன்பத்தை முதலிற் கூறுவோம். பிறர் பூனைக்கு நம்மிடம் யாதொரு கடப்பாடும் இல்லை. அலமாரியின் அடியில் மூன்று நாள் ஒளிந்திருந்தது, நான்காம் நாள் இரவு தானே வெளிவந்து, நாம் எழுதிக்கொண்டிருக்கும் தாளின்மீது அமருமாயின், அந்நட்பு முழுதும் கொடையாகும். பூனையொன்றின் ஆயுள் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுவரை நீளும். அத்துணைக் காலம் பொறுப்பேற்க அஞ்சும் முதியவர்க்கும், அடிக்கடி வீடு மாறும் எளியவர்க்கும் இரண்டு திங்கள் பூனைத்தோழமை பெரும்பேறு. வீட்டில் பிள்ளைகள் இருப்பின் அவர்கட்கு அது கல்வியுமாகும். இவ்வுயிர் உனதன்று, ஆயினும் இன்று இதன் பசி உன் கையில் உள்ளது என்று ஏழு வயதுப் பிள்ளைக்கு உணர்த்துதற்கு இதனினும் எளிய வழி நாம் அறியோம்.

இனித் துன்பம். முதலாவது, பூனையின் ஏக்கம். வந்த நாளில் அது உண்ணாது. கதவருகே அமர்ந்து, படிக்கட்டில் கேட்கும் ஒவ்வோர் அடியோசைக்கும் காது நிமிர்க்கும். இதனைப் பிடிவாதம் என்று விட்டுவிடலாகாது. பூனை இரண்டு மூன்று நாள் தொடர்ந்து உண்ணாதிருப்பின் கொழுப்புக் கல்லீரலிற் சேர்ந்து உயிர்க்கே இடராகும் என மருத்துவர் எச்சரிக்கின்றனர். ஆகவே மீனைப் பிசைந்து விரலால் ஊட்டியும், அதன் வீட்டார் உடுத்த பழந்துணியைப் படுக்கையில் இட்டும், எவ்வகையாலேனும் உண்பித்தல் வேண்டும். மீனோ எந்நாளும் எளிதிற் கிடைப்பதன்று. கீழைக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லுதல் தடைப்பட்டுள்ளது. வெயிலுக்கு அஞ்சிப் பலர் பிரான்சுக்குப் புறப்படுவதும் அந்நாட்களிலேதான். மீனின் விலை ஏறும் பருவத்தில் பூனை நம் வீடு வந்து சேர்கின்றது. வெறுஞ்சோறும் பாலும் போதாவோ என்பர் சிலர். போதா. பூனை ஊனுண்டு வாழும்படி படைக்கப்பட்ட உயிர். ஊனில் உள்ள டாரின் என்னும் சத்தின்றேல் அதன் கண்ணும் இதயமும் கெடும். பாலோ வளர்ந்த பூனைகள் பலவற்றிற்குச் செரிப்பதேயில்லை.

இரண்டாவது, நம் கையில் அது நோயுறுதலும் இறத்தலும். முதிர்ந்த பூனைகட்குச் சிறுநீரகம் பழுதாதல் பெருவழக்கு. பதினான்கு வயதுடைய பூனை ஒன்று நம்மிடம் இருக்கையில் இந்நோய் முற்றியது. மருத்துவர் நாள்தோறும் மருந்துநீர் ஏற்றினார். அப்பூனைக்கு உரிய அம்மையார் கடலுக்கு அப்பால் இருந்தார். கோடையில் பிரான்சின் கடிகாரம் நம்முடையதினும் மூன்றரை மணி நேரம் பின்தங்கி ஓடும். நமக்கு நள்ளிரவாகும்போது அவர் இரவுணவை முடித்துத் தொலைபேசியில் அழைப்பார். “சாப்பிட்டானா, அண்ணா?” என்பதே அவர் கேட்கும் முதல் வினா. ஆறு இரவு “சிறிது சாப்பிட்டான், அம்மா” என்றோம், அது மெய்யே. ஏழாம் இரவு அவ்விடை சொல்ல இயலவில்லை. தென்னையின் அடியில் குழி தோண்டிப் புதைத்தபின், அதன் கழுத்துப் பட்டையைக் கழுவி உலர்த்தி, அவர் வரும்வரை பேழையில் வைத்திருந்தோம். தம் உடைமையை இழப்பவர்க்கு அழுவதற்கு உரிமையுண்டு. பிறர் உடைமையை இழந்தவரோ முதலில் விடை கூறுதல் வேண்டும். அழுகை அதன் பின்னரே.

மூன்றாவது, திருப்பிக் கொடுத்தல். உரியவர் வாயிலில் வந்து நின்று குரல்கொடுத்த அளவில், நம் மடியிற் கிடந்தது எழுந்து ஓடும், திரும்பியும் பாராது. அன்று மாலை வீடு வெறிச்சென்றிருக்கும். ஆயினும் இத்துன்பத்தை நாம் விரும்பி ஏற்கின்றோம். அது ஓடிச் சென்றதே நாம் கடமையைச் செவ்வனே செய்தோம் என்பதற்குச் சான்று. உரியவரை மறக்கும்படி அதனை மயக்கி வைத்திருப்போமாயின் அஃது ஒருவகைக் களவாகும்.

நான்காவதே கொடியது, உரியவர் வாராது போதல். இரண்டு திங்கள் என்று சொல்லிச் சென்றவர் ஆறு திங்களாகியும் வாரார். தொலைபேசி ஒலித்து ஓயும். பின்னர் ஒருநாள் வீட்டு வாயிலில் விற்பனைப் பலகை தொங்கும். சிலர் அயல்நாட்டில் காலமாகிவிடுகின்றனர், அவர்களை நோவதற்கில்லை. வேறு சிலரோ திரும்பி வரும் எண்ணமின்றியே, “போய் வருகிறேன்” என்று கூறிப் பூனையை ஒப்புவித்துச் செல்கின்றனர். தெருவில் விட்டேன் என்ற பழி தம்மேல் வாராமைப்பொருட்டு, பிறர் இரக்கத்தைக் கருவியாகக் கொள்கின்றனர். இதுவே நாம் கண்டிக்க விரும்புவது. கைவிடுதலுக்கு ஒப்புவித்தல் என்று பெயர் சூட்டுதல் தகாது.

ஒப்புவித்தலின் உயர்வைத் தமிழர்க்கு எடுத்துக் கூறவும் வேண்டுமோ? சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதை என ஒரு காதையே அமைந்துள்ளது. கவுந்தியடிகள் மாதரி என்னும் இடைக்குல முதுமகளிடம் கண்ணகியை அடைக்கலமாகத் தந்தார். மாதரி செல்வம் உடையவள் அல்லள்; கற்றவள் அல்லள். ஆயினும் கோவலன் கொலையுண்டமை கேட்டு, தன்னிடம் தந்த அடைக்கலத்தை இழந்தேன் என்று தீயிற் புகுந்து உயிர்நீத்தாள். இன்னொன்றும் நினையத்தக்கது. பிள்ளையைக் காத்த கீரியைப் பிழைபட எண்ணிக் கொன்ற பார்ப்பனியின் கதையும், அவள் குடும்பத்தை மீண்டும் சேர்ப்பித்த கோவலனின் ஈகையும் சொல்லப்படுவது இதே அடைக்கலக் காதையில்தான். மனிதரைக் காத்தலையும், வீட்டு விலங்குக்கு இழைத்த தீங்கு எத்துணைப் பெரிது என்பதையும் இளங்கோவடிகள் ஒரே காதையில் அருகருகே வைத்துள்ளார். பூனைக்காக எவரும் தீப்புக வேண்டா. நம்மை நம்பி விட்டதை நாம் எண்ணும் அளவு, மாதரி எண்ணிய அளவிற் சிறுபங்கேனும் ஆகட்டும் என்பதே நம் கருத்து.

மக்களையே பேணுவாரில்லாத நாளில் பூனைக்கு இத்துணை ஆரவாரமோ என்று சிலர் நகைக்கலாம். அவர்களிடம் ஒன்று கேட்போம். பூட்டிய வீடுகளின் நடுவே முதிய தாய் தந்தையரும் பிறர் பொறுப்பில் விடப்பட்டிருத்தலை நம் தெருக்களில் அவர்கள் கண்டதில்லையோ? அங்கும் இதே சொற்கள்தாம்: “இரண்டு மாதத்தில் வந்துவிடுவேன்; பார்த்துக்கொள்ளுங்கள்.” சிறிய உயிர்க்குத் தந்த வாக்கை எளிதாக எண்ணும் நா, பெரிய உயிர்க்குத் தந்த வாக்கையும் காலப்போக்கில் எளிதாகவே எண்ணும். பூனையிடம் பழகிய நேர்மை வீணாவதில்லை.

சட்டமும் இதற்குத் துணை நிற்கின்றது. மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் தொடங்கிய முயற்சியின் பயனாக 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் 3ஆம் பிரிவு, விலங்கைத் தம் பொறுப்பில் வைத்துள்ள ஒவ்வொருவரும் அதன் நலத்திற்கு வேண்டுவன செய்தல் கடமை என்கிறது. உரியவர் என்று மட்டும் கூறாமல், பொறுப்பில் வைத்துள்ளவர் என்று கூறுதலைக் கவனித்தல் வேண்டும். நம்மைப்போன்றாரும் அதில் அடங்குவர். 11ஆம் பிரிவு, பசியாலும் நீர்வேட்கையாலும் துன்புறும் வண்ணம் விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுதலைக் குற்றமாக்குகின்றது. முதற்குற்றத்திற்கு அச்சட்டம் குறித்த தண்டம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. ஒரு வேளைப் பூனை மீனுக்கும் அத்தொகை காணாது. ஆகவே சட்டத்தை நம்பியிராமல் நாமே சில முறைகளை வகுத்துக்கொள்ளுதல் நன்று.

விடுப்பவர் செய்ய வேண்டுவன நான்கு. திரும்பும் நாளைக் குறித்துச் சொல்லி, அந்நாள் தவறுமாயின் முன்னரே அறிவித்தல். உணவுக்கும் மருத்துவத்திற்கும் வேண்டிய பணத்தைக் கேளாமுன் தருதல். பூனையை ஏற்போர் பெரும்பாலும் செல்வர் அல்லர், பணம் கேட்க நாணுவர். தடுப்பூசிச் சான்றையும், நோயுற்றால் இன்னது செய்க என்னும் எழுத்துமூல ஒப்புதலையும் கொடுத்தல். கருத்தடை செய்வித்தபின் ஒப்புவித்தல். பெட்டைப் பூனை ஒன்பது வாரத்தில் ஈனும் இயல்புடையது ஆதலின், ஒன்றை ஏற்றவர் ஐந்தைத் திருப்பிக் கொடுக்க நேரும்.

ஏற்பவர் செய்ய வேண்டுவனவும் நான்கு. முதல் இரண்டு வாரம் வெளியே விடாதிருத்தல். மனிதருக்குரிய மருந்தை ஒருபோதும் கொடாதிருத்தல். பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையின் உயிரைப் போக்கவல்லது. கடுவன் பூனை சிறுநீர் கழிக்க முயன்றும் இயலாது வருந்துமாயின், மறுநாள் பார்ப்போம் என்னாது அப்பொழுதே மருத்துவரிடம் செல்லுதல். நான்காவதும் தலையாயதும், உள்ளதை உள்ளபடி உரியவர்க்கு உரைத்தல். தொலைவில் உள்ளவர் வருந்துவாரே என்று நோயை மறைத்தல் இரக்கம் போலத் தோன்றும். அஃது அவர் விடைபெறும் வாய்ப்பைப் பறிப்பதாகும்.

மாணவ நண்பர்கட்கும் ஒரு சொல். விடுதியில் தங்கிப் பயில்வோர் பூனைக்குட்டி ஒன்றைக் கண்டால், உணவுக்கூடத்து மீன்தலையைக் கொண்டுவந்து ஊட்டுவதும், அதற்கு ஆசிரியர் ஒருவரின் பெயரைச் சூட்டுவதும் எக்காலத்தும் உள்ளனவே. அதில் தவறு காணமாட்டோம். பெயருக்குரிய ஆசிரியரும் காணமாட்டார் என நம்புகின்றோம். ஆயின் தேர்வு முடிந்து பெட்டியைக் கட்டும் நாளில் அக்குட்டியின் நிலை யாது? ஒன்பது திங்கள் மனிதர் கையால் உண்டு வளர்ந்தது, பூட்டிய அறைகளின் முன் கோடை முழுதும் திரியும். ஊட்டத் தொடங்கிய அன்றே அது அடைக்கலப் பொருளாயிற்று. விடுமுறைக்கு யார் வீட்டிற்கு, எவ்வளவு நாளைக்கு, யார் செலவில் என்பதைத் தேர்வுக்கு முன்னரே நண்பர்கள் கூடித் தீர்மானித்தல் கடமை. விடுதிப் பணியாளரின் தலையில் சொல்லாமற் சுமத்திச் செல்லுதல் கற்றவர்க்கு அழகன்று.

இனி யாரேனும் கூடையுடன் நம் வாயிலில் வந்து நிற்பாராயின் மறுக்க மாட்டோம். என்று திரும்புவீர்கள் என்று மட்டும் கேட்போம். அவர் கூறும் நாளைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் அவரைக்கொண்டே எழுதச் செய்வோம். பூனைக்கு எழுத்துத் தெரியாது, எழுதியவர்க்குத் தெரியுமன்றோ?